பவுடர் மெஷரைப் பிரஸ்ஸில் பூட்டும்போது

பவுடர் மெஷர் என்பது தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து (பவுடர்) நிரப்பும்போது ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரே அளவைக் கொட்டும் கருவி; பிரஸ் என்பது அந்த வேலைக்கான அழுத்து எந்திரம். மெஷரைப் பூட்டுமுன் அதில் பவுடரை அளக்கும் சுழல் டிரம்மில் படிந்திருக்கும் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து உலரவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பவுடர் ஒட்டும், எடை குறையும். பவுடரைக் கொட்டிவைக்கும் ஹாப்பருக்குள் தடுப்புத் தகடு அவசியம். அது இல்லாவிட்டால் பவுடர் இறங்க இறங்க அழுத்தம் மாறி அளவும் மாறும்.

முதலில் விழும் 10, 15 அளவுகளை ஹாப்பரிலேயே திரும்பக் கொட்டுங்கள், பவுடர் அமரட்டும். பிறகு 10 அளவுகளைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் சராசரி கிடைக்கும். ஆனால் சராசரியை மட்டும் நம்பாதீர்கள், தனித்தனியாகவும் சிலவற்றை நிறுங்கள். பவுடரை நிறுக்கும் அலகான 1 கிரெய்ன் என்பது 0.0648 கிராம்தான், தராசைச் சோதனை எடைக்கல் வைத்துச் சரிபார்க்காமல் தொடங்கவே கூடாது. அளவைச் சரிசெய்யும் திருகை இறுக்கிப் பூட்டியபின் மறுபடி நிறுத்துப் பாருங்கள், பூட்டும்போதே அளவு நகர்ந்துவிடும்.

உருண்டைப் பவுடர் ஒழுங்காக விழும். நீளக் குச்சிப் பவுடர் டிரம் விளிம்பில் நறுக்கென்று வெட்டுப்படும், அளவு தடுமாறும். அதைக் குறைவாகப் போட்டுத் தராசில் நிரப்புவதே நல்லது. ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் நிலைமின்சாரத்தால் பிளாஸ்டிக் சுவரில் துகள்கள் ஒட்டும். டர்பனின் ஈரக்காற்றில் அந்தத் தொல்லை குறைவு.

கைத்துப்பாக்கித் தோட்டாக் கூட்டில் இரட்டை அளவு விழுந்தாலும் பல சமயம் நிரம்பி வழியாது. அதனால் குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் பாருங்கள். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா இருக்கட்டும், வேலை முடிந்ததும் ஹாப்பரைக் காலிசெய்து பவுடரை அந்த டப்பாவிலேயே கொட்டிவிடுங்கள்.