கண்ணில் இரும்பு விழுந்திருக்கா?

மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு வெல்டிங் அடிக்கிற வேலை எனக்கு. போன ஐப்பசியில் இடுப்பில் பிடித்த வலி, இடது கால் வழியாகக் குதிகால் வரை சுண்டி இழுத்தது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் இருந்தது. நடுவில் இருக்கிற ஜவ்வும் நரம்பும் அதில் தெரியாது, காந்தத்தால் படம் எடுக்கிற எம்ஆர்ஐ ஸ்கேன் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

யாரோ சொன்னதைக் கேட்டு வெறும் வயிற்றோடு மதுரைக்கு பஸ் ஏறினேன். பரமக்குடியில் மச்சான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே போனால், "ஊசி போடாம இடுப்பு எடுக்கப் பட்டினி எதுக்குண்ணே?" என்று சிரித்தார் டெக்னீஷியன். வயிற்றுக்கு எடுத்தால்தான் பெரும்பாலும் சாப்பிடாமல் வரச் சொல்வார்களாம். சீட்டு வாங்கும்போதே கேட்டிருக்கலாம்.

அப்புறம் ஒரு படிவம். பேஸ்மேக்கர் இருக்கா, காதுக்குள் கருவி இருக்கா, உடம்பில் பிளேட், கிளிப் உண்டா? மளமளவென்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன். கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததா? அதற்கும் 'இல்லை'. மச்சான் எட்டிப் பார்த்தான். "மாப்ள, கிரைண்டிங் பொறி தெறிச்சு ராத்திரியோட ராத்திரியா ராம்நாட்டுக்கு ஓடுனோமே, மறந்துட்டியா?"

அது எட்டு வருசம் முந்தி. எடுத்தாச்சே என்றேன். டெக்னீஷியன் முகத்தில் சிரிப்பைக் காணோம். அந்தக் காந்தத்துக்கு ஓய்வே கிடையாது, ஸ்கேன் ஓடாதபோதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். துணுக்கு மிச்சம் இருந்தால் கண்ணுக்குள்ளேயே நகர்ந்து பார்வையைப் பறித்துவிடலாம் என்றார். முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே. டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்ற பிறகுதான் உடை மாற்றவே விட்டார்கள்.

அடுத்தது வெள்ளி அரைஞாண். திருகு இறுகிக் கிடந்தது. வெள்ளியைக் காந்தம் இழுக்காது, ஆனால் சூடேறலாம், இடுப்புப் படத்தையும் கெடுக்கும். பக்கத்துக் கடையில் கட்டிங் பிளேயர் வாங்கி வந்து மச்சானே நறுக்கினான்.

உள்ளே அரை மணி நேரம். காதை அடைத்திருந்தும் தடதடவென்று சத்தம். பட்டறையில் இருபது வருசம் இருந்தவனுக்கு அது பெரிதில்லை. அசையாமல் கிடப்பதுதான் பாடு. மூக்கு அரித்தது. கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கினால் நிறுத்துவார்கள், ஆனால் அந்தப் படத்தை மறுபடி எடுக்க வேண்டிவரலாமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இப்போதைக்கு மாத்திரையும் பிசியோதெரபியும் போதுமாம்.

வீட்டில் ரிப்போர்ட்டை நீட்டினால், அம்மா சட்டைப்பையில் இருந்த ரெண்டு துண்டு அரைஞாணைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தது.