ஆர்.என். கிடைத்தது, ஆர்.எம். போனது

போன தீபாவளிக்கு இங்கே அமெரிக்காவில் எங்கள் ஊரில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுபோய்க் கொண்டாடினோம். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சட்டென்று திரும்பி, "அக்கா, நீங்க நர்ஸாமே? நானும் நர்ஸ் ஆகலாம்னு இருக்கேன், என்ன படிக்கணும்?" என்றாள். பி.இ. முடித்து சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருந்தவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம், அவள் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பாள்.

சிரித்ததற்குக் காரணம் அவள் இல்லை. நம்ம ஊரில் நர்ஸுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டார் படிப்பையும் கேட்கவில்லை, சம்பளத்தையும் கேட்கவில்லை. "நைட் டூட்டி உண்டா?" என்ற ஒரே கேள்விதான், பஜ்ஜியைத் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். என் மாமியார் வீட்டில் சம்மதித்தார்கள், ஆனால் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் டிப்ளமோவைப் போடலாமா வேண்டாமா என்று ஒரு பஞ்சாயத்தே நடந்தது. போடவில்லை. அதே மாமியார் இப்போது போனில் ஊர் முழுக்க "மருமக அமெரிக்காவுல ஆர்.என்." என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆர்.என். என்றால் ரெஜிஸ்டர்டு நர்ஸ், அது அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

சரி, கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. இங்கே ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆக ஒரே வாசல் கிடையாது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி படிக்கலாம். உலகப் போருக்குப் பிறகு நர்ஸ் பஞ்சம் வந்தபோது 1952-ல் சோதனையாக ஆரம்பித்த வழி அது, செலவும் குறைவு. ஆனால் இரண்டு வருடம் என்பதெல்லாம் பேப்பரில்தான். அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாவற்றையும் முதலிலேயே முடித்து, நல்ல கிரேடு வாங்கி, சீட்டுக்குக் காத்திருந்து உள்ளே போய் வெளியே வர மூன்று வருடமாவது ஆகும். நாலு வருட பி.எஸ்.என்., அதாவது நர்சிங்கில் இளங்கலைப் பட்டம், இன்னொரு வழி. வேறு ஏதாவது பட்டம் கையில் இருந்தால் அதே பி.எஸ்.என்.-ஐ 12 முதல் 18 மாதத்தில் அடித்துப் பிடித்து முடிக்கிற ஆக்சிலரேட்டட் கோர்ஸ் உண்டு, பி.இ. படித்தவளுக்கு அதுதான் சரி. ஆர்.என்.-க்கு ஒரு படி கீழே உள்ள எல்.பி.என். நர்ஸுக்கு ஒரு வருடம் படித்து, வேலை பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் ஆர்.என். ஆகக் கடைசியில் எழுதுவது என்க்ளெக்ஸ் என்ற ஒரே லைசென்ஸ் பரீட்சைதான். புருஷன் எச்-1பி வேலை விசாவில் வந்தால் மனைவிக்குக் கிடைக்கிற எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை, சம்பாதிக்கத்தான் தடை. புருஷனுக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடுகிற மனு, அப்ரூவ் ஆகி, நமக்கு வேலை அனுமதி அட்டை வந்து சேரும்வரை டிகிரியை ஃபிரேம் போட்டு மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் கேட்ட பிறகும் அவள் முகத்தில் ஆர்வம் குறையவில்லை.

எனக்கு இந்த நாட்டில் பிடித்தது இதுதான். நம்ம ஊரில் பிளஸ் டூ மார்க் வந்த அன்றைக்கே தலையெழுத்து முடிந்துவிடும். இங்கே என் வார்டில் கூட வேலை பார்க்கிறவர் லாரி ஓட்டியவர், நாற்பதைத் தாண்டித்தான் நர்சிங் சேர்ந்தாராம். "இந்த வயசுல என்ன படிப்பு" என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

என் வழி வேறு. வேலூரில் 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் வந்துவிட்டது, ஆனால் எனக்கு வாய்த்தது ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ. இங்கே அதை மதிப்பிட வேண்டுமென்றால், எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் வகுப்பில் படித்தாய், எத்தனை மணி நேரம் வார்டில் நின்றாய் என்று நாம் படித்த ஸ்கூலே எழுதி, சீல் வைத்து நேரடியாக அனுப்ப வேண்டும். அப்பா வாரக்கணக்கில் அலைந்தார். கிளார்க் லீவு, பிரின்சிபால் மீட்டிங், அப்புறம் "பழைய ரெஜிஸ்டர் குடோன்ல இருக்கு சார்". ஒருநாள் அப்பா கிளார்க்கிடம் டீ குடித்துக்கொண்டே பேசி, அவர் பெண்ணுக்கும் அமெரிக்கா போக வழி சொல்லச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே கவர் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் இன்னமும் எனக்கு வாட்ஸாப்பில் குட்மார்னிங் அனுப்புகிறாள்.

என்க்ளெக்ஸ் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். 85-லிருந்து 150 கேள்விக்குள் எங்கே வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் நின்றுவிடும், அது பாஸா ஃபெயிலா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லாது. கஷ்டம் அதில் இல்லை. டாக்டர் எழுதிய டோஸில் சந்தேகம் வந்தால் நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள், அவரிடமே திருப்பிக் கேள் என்பதுதான் சரியான விடை. ரவுண்ட்ஸில் சீஃப் பின்னால் டிரேயைத் தூக்கிக்கொண்டு "எஸ் சார்" மட்டுமே சொல்லிப் பழகிய வாய்க்கு அது எவ்வளவு பெரிய பாடம் என்று நர்ஸ்களுக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து, லைசென்ஸ் வந்து, வேலையும் கிடைத்து, பனியில் கார் ஓட்டவும் பழகிவிட்டேன். ஊரைப் பற்றி முன்னைப்போல நினைப்பதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், லேபர் வார்டில் ஒரு நாள் நிற்கும்வரை.

ஜி.என்.எம்.மில் அந்த 'எம்' மிட்வைஃபரி, பிரசவம் பார்ப்பது. நம்ம ஊரில் முடித்ததும் ஆர்.என்., ஆர்.எம். என்று நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் சேர்த்தே பதிவு செய்வார்கள். நான் இருந்தது மூன்று ஸ்டாஃப் நர்ஸை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிற ஆரம்ப சுகாதார நிலையம். ராத்திரியில் டாக்டர் வீட்டில் இருப்பார், நானும் ஆயாவும்தான். கரண்ட் போனால் ஆயா டார்ச் பிடிப்பார். தலை தெரிந்ததும் ஒரு கையால் கீழே தாங்கி, இன்னொரு கையால் தலை வேகமாக வந்துவிடாமல் மெல்லப் பிடித்து, கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, தோளைத் திருப்பி எடுத்து அம்மா வயிற்றின்மேல் போடுவோம். வெளியே மாமியார்க்காரி கதவிடுக்கில் வாயை வைத்து "என்ன குழந்தை சிஸ்டர்?" என்பார். ஆண் என்றால் ஹார்லிக்ஸ் பாட்டில் வரும், பெண் என்றால் ஒரு பெருமூச்சு வரும். அந்த மாமியார்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான்.

இங்கே தலை தெரிகிறது, டாக்டர் வந்துகொண்டிருக்கிறார். மானிட்டர் பார்ப்பது, டிரிப் கூட்டிக் குறைப்பது, தைரியம் சொல்வது எல்லாம் ராத்திரி முழுக்க நர்ஸ்தான். பிடிப்பது மட்டும் நர்ஸ் வேலை இல்லை. என் கை தானாக நீண்டது. ஷிஃப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸ் அதட்டவெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்து ஒதுக்கி நிறுத்தினார். டாக்டர் ஓடி வந்தார், கிளவுஸ் போட்டார், பிடித்தார், வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குடும்பம் அவரோடுதான் போட்டோ எடுத்துக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது, வேறு நாகரிகமான வார்த்தை கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கத்தினேன். "அப்போ இங்கயும் மிட்வைஃப் ஆயிடு" என்றார் சுலபமாக. இருக்கிறார்கள், சர்டிஃபைடு நர்ஸ் மிட்வைஃப். ஆனால் அதற்கு முதுகலை படிக்க வேண்டும். அந்தக் கிராமத்தில் நான் எடுத்த குழந்தைகளில் சிலர் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள், அதே வேலையைச் செய்ய எனக்கு இங்கே மாஸ்டர்ஸ் வேண்டுமாம். முதுகலைக்குப் போகப் பெரும்பாலும் முதலில் பி.எஸ்.என். வேண்டும். எப்படியும் ஒருநாள் அதைப் படித்தே ஆகவேண்டிய நிலைதான், நிறைய ஆஸ்பத்திரிகள் அதைக் கேட்கின்றன. நியூயார்க்கில் புதிதாக லைசென்ஸ் வாங்குகிற நர்ஸ்கள் 10 வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும் என்று 2017-ல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

ஆர்.என்.-லிருந்து பி.எஸ்.என்.-க்குப் போகும் ஆன்லைன் கோர்ஸில் பணம் கட்டிவிட்டேன். முதல் செமஸ்டரில் ஸ்டாடிஸ்டிக்ஸ் கட்டாயமாம். கணக்குக்குப் பயந்துதான் பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் எடுத்தேன். தீபாவளியில் பார்த்த அந்த பி.இ. பெண்ணின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.