சைக்கிளில் மாட்டும் எஞ்சின்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

சைக்கிளில் எஞ்சின் மாட்டுவதென்றால், ஃபிரேமுக்குள் அலட்டாமல் உட்காருவது பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக்தான். வால்வு, அதைத் திறக்கும் கேம் எதுவும் கிடையாது. எடை குறைவு, சிசிக்கு இழுவை அதிகம். ஆனால் ஆயில் கலப்பதில் குத்துமதிப்பு வேண்டவே வேண்டாம். 32:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 31 மில்லி ஆயில், 20:1 என்றால் 50 மில்லி. எஞ்சினோடு வந்த தாளில் உள்ள விகிதத்தையே பிடியுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சீஸாகும், அதாவது சிலிண்டரில் இறுகி நின்றுவிடும். கூடினால் பிளக்கில் கரி படியும், சைலன்சர் அடைக்கும்.

அதைவிட மோசம் காற்றுக் கசிவு. அதிர்வில் இன்டேக் மேனிஃபோல்டின் (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாய்) நட்டு தளர்ந்து கேஸ்கெட் வழியே காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் பங்கு குறையும், எஞ்சின் கொதிக்கும். த்ராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் இரைகிறதா? உடனே அணைத்துவிடுங்கள். கேஸ்கெட்டை மாற்றி, ஸ்பிரிங் வாஷர் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கும் வேலை இல்லை. புகை, சத்தம், பெட்ரோல் செலவு எல்லாமே குறைவு. அகலம்தான் தொல்லை: பெடல் கிராங்க் இடிக்கும், அகலமான கிராங்க் செட் தேவைப்படும். 49 சிசி எஞ்சினில் கால் லிட்டர் அளவுக்கே ஆயில் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து. வண்டியைச் சமதளத்தில் நிமிர்த்தி நிறுத்தி ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் பாருங்கள். முதல் ஆயிலில் இரும்புத்தூள் இருக்கும், சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

தினசரி ஓட்டத்துக்கு என் ஓட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கே.