முதலாளி பேசாத அரை மணி நேரம்

"எல்லாரும் மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று முதலாளி ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் ஊர்ப் பட்டறைகளில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். சூப்பர்வைசர் ஒன்று சொல்வார். அதையே மேனேஜர் சுற்றி வளைத்துச் சொல்வார். மற்றவர்கள் "அதேதானுங்க" என்று தலையாட்டிவிட்டு டீ வருகிறதா என்று வாசலைப் பார்ப்பார்கள்.

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். எங்கள் தீராத தலைவலி டேபிள் டாப் கிரைண்டர். பார்சல் லாரியில் பெட்டியைப் படுக்கப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் உருளைக் கல் எவர்சில்வர் டிரம்மில் மோதி ஒடுக்கு விழும். கடைக்காரர் உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அட்டையில் அம்புக்குறி அச்சடித்தோம், கண்ணாடித் தம்ளர் படமும் போட்டோம். யார் பார்க்கிறார்கள்?

பயிற்சி கொடுக்க வந்த அம்மா இதையே எடுத்துக்கொண்டார். வாயால் பேசக்கூடாது, எழுதத்தான் வேண்டும் என்றார். 1968-ல் பெர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் சொன்ன முறையாம். ஆறு பேர் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை. பிறகு தாள் பக்கத்து ஆளிடம் போகும். அவர் அதைப் படித்துவிட்டு அதன் கீழே இன்னும் மூன்று எழுதுவார். ஆறு சுற்று முடிந்தால் அரை மணியில் 108 யோசனை. கணக்கு அப்படி. எங்களுக்கு அத்தனை வரவில்லை, கட்டங்கள் நிறைய காலியாகவே கிடந்தன. எழுதிப் பழக்கமில்லாதவருக்கு ஐந்து நிமிடம் ரொம்பக் குறைவு.

கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்று பிரபலப்படுத்தியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். ஆனால் 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் பட்டியலைச் சேர்த்தால், நான்கு பேர் கூடிப் பேசிச் சொன்னதைவிட அதிகமாக வந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அதற்குள் நினைத்தது மறந்துபோகும். அது ஒரு காரணம். எங்கள் பக்கம் மரியாதையும் சேர்ந்துகொள்ளும். முதலாளி சொன்னதற்கு மேல் யார் பேசுவது?

தாளில் அந்தச் சிக்கல் இல்லை. அசெம்பிளி அக்கா, "கல்லை ஏன் டிரம்முக்குள்ள வைக்கணும்? தெர்மாகோல்ல தனிக் குழி வெட்டலாமே" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த சர்வீஸ் மெக்கானிக், "அப்போ நடுவுல தடி அட்டை ஒண்ணு வேணும், இல்லைன்னா கல் தெர்மாகோலை உடைச்சிட்டு வந்துரும்" என்று கீழே சேர்த்தார். அடுத்து லோடுமேன் அண்ணன். அவர் எழுதவே இல்லை, பென்சிலால் ஒரு பெட்டியை வரைந்தார். இரண்டு பக்கமும் மேல் விளிம்பை ஒட்டி, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

யாருக்கும் புரியவில்லை. கடைசியில் பேச அனுமதி கிடைத்ததும் அவரே சொன்னார்: "புடிக்க எடமில்லீங்க. புடி இருந்தா நிமித்தித்தான தூக்குவோம், வைக்கறதும் அப்படியே வெச்சிருவோம்."

ஒவ்வொரு நிறத் தொப்பிக்கும் ஒவ்வொரு விதமாக யோசிக்கச் சொல்லும் ஆறு தொப்பி முறையும் அன்றைக்கே செய்தோம். எனக்கு அது பள்ளி நாடகம் மாதிரி இருந்தது. முதலாளிக்குக் குறை கண்டுபிடிக்கிற கறுப்புத் தொப்பி வந்ததில் மட்டும் எல்லாருக்கும் சந்தோஷம்.

தனிக் குழியும் தடி அட்டையும் உடனே வந்துவிட்டன. கை ஓட்டைதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டை போட்டால் அட்டை கிழியும், தடிமன் கூட்டினால் விலை கூடும் என்கிறார் பெட்டி சப்ளையர். அடுத்த தடவை அவரையும் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முதலாளி "பார்க்கலாம்" என்றிருக்கிறார்.