தைத் தீயும் பங்குனித் தீயும்

சத்தியமங்கலம் காட்டில் தாவரக் கணக்கெடுப்பு வேலைக்குப் போகிறவனுக்கு மரங்களுக்கு முன்னால் பழக்கமாவது லாண்டானா என்கிற உண்ணிச்செடிதான். ஒருவர் அரிவாளோடு முன்னால் போய் வெட்டிக்கொடுத்தால்தான் கணக்கெடுக்கும் கட்டத்தின் நாலு மூலைக்கும் கயிறு கட்ட முடியும். புதருக்குள் கரடி படுத்திருந்தாலும் தெரியாது. மரக்கன்றுகளை எண்ணி எழுதும் பத்தியில் பாதிக்கு மேல் பூஜ்யம்தான் போடுவோம்.

எங்களுக்கு வழி வெட்டிக்கொடுத்த பெரியவர் இந்தக் காட்டுப் பழங்குடியான சோளகர். வெயில் காலத்தில் அவர் தீக்காவலர். தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், மேட்டில் உட்கார்ந்து எங்காவது புகை எழுகிறதா என்று பார்ப்பதும் வேலை. அவருடைய அப்பா காலத்தில் இதே தை மாதத்தில் இதே காட்டுக்குத் தீ வைத்தவர்கள் அவர்கள்தான். தீ வைத்தவர் மகனுக்குத் தீயணைக்கக் கூலி!

ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"தையில வெச்சா தரையோட போயிரும் தம்பி. பனி எறங்கும், புல்லு அடியில ஈரம் இருக்கும். முழங்காலுக்கு மேல எந்திரிக்காது. பங்குனியில எரியறது நம்ம தீ இல்ல."

தையில் வைக்கும் தீ சருகை மட்டும் தின்றுவிட்டுப் போகும். ஒட்டி ரத்தம் குடிக்கும் உண்ணிப்பூச்சிகள் சாகும், புதுப்புல் வரும், சீமாறுக்கு அறுக்கும் ஈஞ்சு புதிதாகத் தழைக்கும். உண்ணிச்செடியின் இளங்கன்றும் தண்டு முற்றும் முன்பே கருகிவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் இருக்கும் சோளகர்கள் இதைத் தரகு பெங்கி, அதாவது சருகுத் தீ, என்கிறார்கள். நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகிப் போனதற்கும் இந்தத் தீ நின்றதுதான் காரணம் என்று அவர்கள் சொன்னதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டப்படியே குற்றம். பிலிகிரியில் 1974இல் சரணாலயம் வந்த பிறகு தீயும் காட்டு விவசாயமும் அடியோடு நின்றன. அலங்காரச் செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்த உண்ணிச்செடிக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்திருக்காது. பிலிகிரியில் 1997இலும் 2008இலும் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டால், அந்தச் செடி தென்பட்ட கட்டங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன.

இதுவரை கேட்கிறவர்கள், 'அப்போ மறுபடி தீ வைக்க விட்டால் சரியாகிவிடும்' என்று முடித்துக்கொள்கிறார்கள். பயிலரங்குகளில் இப்படிப் பேசிக் கைதட்டு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியவர் அப்படிச் சொல்லவில்லை. இன்று தையிலேயே தீ வைத்தாலும் அது தரையோடு போகாது. ஆள் உயரத்துக்கு மேல் காய்ந்து நிற்கும் உண்ணிப்புதரைப் பிடித்து மரக்கிளைக்கு ஏறிவிடும். போதாததற்கு, எரிந்த செடி அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். முதலில் வேரோடு எடுக்க வேண்டும், அப்புறம்தான் தீயைப் பற்றிய பேச்சு என்பது அவர் கணக்கு.

இன்னொரு சிக்கல் மழை. எங்கள் படிவத்தில் 'தீ வைக்கும் காலம்' என்று ஒரு பத்தி இருந்தது. தை என்று எழுதட்டுமா அய்யா என்றேன், கூடாது என்றுவிட்டார். சில வருடம் மார்கழி கடைசி வரை மழை நிற்பதில்லை. சில வருடம் தை பிறக்கும்போதே பனியில்லாமல் காடு முறுகிக் கிடக்கிறது. ஒரு கை சருகை அள்ளிக் கசக்கி, உள்ளங்கையைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். "இத வருசா வருசம் பாக்கோணும். நான் பாத்து நாப்பது வருசமாச்சு."

அந்தப் பத்தியை என்னால் நிரப்ப முடியவில்லை. திட்ட அறிக்கைகள், பழங்குடிகளின் அறிவு எங்கோ பத்திரமாக இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தினால் பருவமாற்றத்தைச் சமாளித்துவிடலாம் என்ற நினைப்பில் எழுதப்படுகின்றன. ஆனால் இந்த அறிவு ஒவ்வொரு வருடமும் சருகைக் கசக்கிப் பார்த்து, தப்பினால் அடுத்த வருடம் பத்து நாள் முன்பின் தள்ளிப் பார்த்துத் திருத்திக்கொண்டே வந்தது. மழை தடம் மாறத் தொடங்கியதோ, யாரையும் தீ வைக்க விடாத காலத்தில். பெரியவரின் மகன்களுக்குத் தழையை ஒடித்துத் தீயை அடித்து அணைக்கத்தான் தெரியும். அதில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் எந்த வாரம் வைத்தால் தீ தானாக அடங்கும் என்று அவர்கள் எங்கே போய்ப் படிப்பது?

பிலிகிரி புலிகள் காப்பகமான அதே 2011இல் அங்குள்ள சோளகர்களுக்கு, காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தும் சமூக வன உரிமையும் கிடைத்தது. தீ வைக்கும் அனுமதி அதில் தானாக வந்துவிடவில்லை. 2013இல் புலிகள் காப்பகமான எங்கள் பக்கத்தில், கூலி கொடுத்து உண்ணிச்செடியைப் பிடுங்கும் வேலை நடக்கிறது. பிடுங்கிய இடத்தில் இரண்டு மழைக்குள் பறவைகள் எச்சமிட்டு விதைத்துவிடுகின்றன. மறுபடி பிடுங்கக் கூலி வேண்டும்.

கடைசியாகப் பார்த்தபோது பெரியவரிடம் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். "சுத்தமாப் பிடுங்கின எடத்துல ஒரு ஏக்கரா குடுங்க. எங்க பசங்களும் கூட நிப்பாங்க, மூணு வருசம் வெச்சுக் காட்டறோம்" என்றார். "கேசு யாரு மேல போடுவாங்கன்னு மட்டும் முன்னாலயே எழுதி வாங்கிக் குடுத்துருங்க."