ஓட்டுநர் சீட் காலி: சான் பிரான்சிஸ்கோவில் ஒரு டாக்ஸி சவாரி

சான் பிரான்சிஸ்கோ போகிறவர்கள் முதலில் கோல்டன் கேட் பாலத்துக்குத்தான் ஓடுவார்கள். நான் ஓடியது வேமோ நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத டாக்ஸியைப் பிடிக்க. செயலியில் கூப்பிட்டதும் வெள்ளை ஜாகுவார் ஒன்று வந்து நின்றது, கூரை மேல் கறுப்புக் குமிழ், அதில் என் பெயரின் முதலெழுத்துகள். ஓட்டுநர் சீட்டில் மட்டும் உட்காரக் கூடாது. நான் அதற்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன், ஸ்டியரிங் தானாகத் திரும்புவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமே!

முதல் சில திருப்பங்களில் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் பழகிவிட்டது. நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து ஒருவர் சாலையில் இறங்கினார். அவர் என் கண்ணில் படுவதற்கு முன்பே திரையில் சின்ன உருவமாக வந்துவிட்டார், காரும் வேகத்தைக் குறைத்துவிட்டது. கூரையில் இருக்கும் லைடார் லேசர் வீசிப் பார்ப்பதால் இருட்டும் அதற்குப் பொருட்டில்லை. 2004இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பு மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்குப் பந்தயம் வைத்தபோது ஒன்றுகூட முடிக்கவில்லை, அதிக தூரம் போன வண்டியே 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார்கள்.

ஒரு சிக்னலில் பக்கத்தில் போலீஸ் வண்டி வந்து நின்றது. சிவப்பு விளக்கில் இந்தக் கார் தாண்டிப் போனால் அபராதச் சீட்டை யார் பெயரில் எழுதுவார்? பின்னால் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, கலிபோர்னியாவிலேயே ரொம்ப நாள் இதற்குச் சரியான பதில் இல்லை, ஏனென்றால் சட்டம் ஓட்டுநரை மனதில் வைத்து எழுதப்பட்டது. 2024இல்தான் போலீஸ் நேராக நிறுவனத்துக்கே நோட்டீஸ் கொடுக்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது, அதுவும் 2026 ஜூலையில் அமலுக்கு வருவதாக.

அபராதம் சின்ன விஷயம், உயிர் போனால்? 2018இல் அரிசோனாவின் டெம்பியில் சோதனை ஓட்டத்தில் இருந்த ஊபர் கார் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. மென்பொருள் அவரைப் பார்த்தும் இன்னதென்று கடைசிவரை சரியாகக் கணிக்கவில்லை. ஆனால் குற்ற வழக்கு பாய்ந்தது கண்காணிக்க உட்கார்ந்திருந்த ஊழியர் மேல்தான், நிறுவனத்தின் மேல் இல்லை. அவர் அப்போது போனில் வீடியோ ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது உண்மை, ஆனாலும் எனக்கு இது நெருடுகிறது. இப்போது அந்த சீட்டிலும் ஆள் இல்லை, பழி போட ஓர் ஊழியர்கூடக் கிடையாது. இந்த விஷயத்தில் பிரிட்டன் தேவலை: கார் தானாக ஓடும்போது நடப்பதற்கு அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பு, உள்ளே இருப்பவர் இல்லை என்று 2024 சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். எல்லா ஊரிலும் கார் சாலைக்கு வரும் முன்பே இது எழுதப்பட வேண்டும் என்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்வையற்றவர்கள் வழிகாட்டி நாயோடு நின்றால் ஏற்றாமல் போகும் ஓட்டுநர்கள் உண்டு, இந்தக் கார் அப்படிப் போகாது. ஓட்டுநர்களின் பிழைப்போ வேறு கதை. சார்ஜ் போட, கழுவ, கார் வழி தெரியாமல் திணறிக் கேட்கும் சந்தேகத்துக்குத் தூரத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல என்று புது வேலைகள் வருகின்றன, சரி. ஆனால் பல வருடம் ஸ்டியரிங் பிடித்தவரைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.