உளுந்து அறுப்புக்கு முன்: 2018 நாட்குறிப்பு

ஜனவரி 16, செவ்வாய்

எங்கள் ஹினோ லாரியின் இஞ்சினில் ஐந்தாம் சிலிண்டர். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடு உடைந்து, பிளாக்கின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஓட்டைக்குள் என் கை மணிக்கட்டு வரை போகிறது. ஆயில் சம்பைக் கழற்றினால் பேரிங் தகடு காகிதம்போல் மெலிந்து அடியில் ஒட்டிக் கிடக்கிறது. டைக்கூவிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தோம். எங்கள் பர்மா ஊர் பியூந்தாசா வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

ஜனவரி 17

ரங்கூன் ஆஸ்பத்திரியில் கிடக்கிற அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று மதினி போனில் அழுதார். சொல்லவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

சயா (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் அழைப்போம்) காலையிலேயே வந்து கிராங்க் ஷாஃப்டைத் துடைத்துப் பார்த்தார். ராடு உட்காருகிற ஐந்தாம் ஜர்னல் நீலம் பாய்ந்திருக்கிறது. அந்த அளவுக்குச் சூடேறிய இரும்பைக் கடைந்து சின்ன பேரிங் போட்டாலும் நம்ப முடியாது. பிளாக்கை வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். வார்ப்பிரும்பு அப்படி இலேசில் ஒட்டாது, ஆறும்போது பக்கத்திலேயே புதிதாக ஒரு விரிசல் விடும் என்றார். ஓட்டையைச் சுற்றித் துளை போட்டுத் திருகாணியால் தைக்கிறவர்கள் மாந்தலேயில் இருக்கிறார்களாம். தைத்துவிடலாம், ஆனால் அதை நம்பி பாரம் ஏற்றக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆக, வேறு இஞ்சின்தான். பத்து வருடமாக இந்த வண்டிக்குக் கை வைக்கிறவர் அவர். அவர் சொன்னால் சரி.

ஜனவரி 22, திங்கள்

தூக்கம் இல்லை. எழுதிவிட்டால் மனம் அடங்குமா பார்க்கிறேன்.

உள்ளே இருந்தது ஹினோவின் இஎச் 700. ஆறு சிலிண்டர், 6,443 சிசி. அதையே மறுபடி வாங்கினால் எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். மவுண்ட் அதே இடம், கிளட்ச் அதே கிளட்ச். ஆனால் இன்று கிடைக்கிற இஎச் 700 எல்லாம் என் வயதுக்காரர்கள். யார் யார் கையில் என்ன பாடுபட்டதோ, எத்தனை முறை சிலிண்டரைக் கடைந்து போர் போட்டதோ, யார் சொல்வார்கள்?

இசுசு 6பிஜி1 ஒன்று நியாங்லபினில் இருக்கிறது. 6,494 சிசி. நல்ல இஞ்சின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹினோ கியர்பாக்ஸோடு சேர வேண்டுமானால் நடுவில் தடிப்பலகை கடைந்து போட வேண்டும். அந்தப் பலகை மயிரிழை கோணினாலும் கியர்பாக்ஸின் உள் ஷாஃப்ட் நேர்கோட்டில் நிற்காது. பைலட் பேரிங் போகும், பிறகு கிளட்ச் போகும், பிறகு குற்றம் இஞ்சின் மேல் விழும்.

மூன்றாவது, ஹினோவின் எச்07சி. போர், அதாவது சிலிண்டர் விட்டம், இஎச் 700க்கு இருக்கிற அதே 110 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 5 மில்லிமீட்டர் கூடுதல். 6,728 சிசி. பெரிய பாய்ச்சல் இல்லை. அதனால்தான் மனம் அங்கே போய் நிற்கிறது. பழைய பின் ஆக்சிலும் பழைய பிரேக்கும் தாங்கும்.

ஐந்தாவது ஏன் போயிற்று? எண்ணெய் அளவு சரியாக இருந்தது. நானே குச்சியை எடுத்துப் பார்த்தேன்.

ஜனவரி 25

அண்ணனுக்கு நுரையீரலில் மறுபடி தண்ணீர் எடுத்தார்களாம். சாப்பிடவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

தம்பி மகனுக்கு ஹினோவின் ஜே08இ வேண்டும். போனில் படம் காட்டினான். டர்போ, இன்டர்கூலர், டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து பாய்ச்சுகிற காமன் ரெயில், 7,684 சிசி. சுமையோடு மேட்டில் கியரைக் குறைக்காமலே ஏறும் என்கிறான். ஏறும், மறுக்கவில்லை. இறங்கும்போது எதைப் பிடித்து நிறுத்துவான்? இந்த டிரம் பிரேக், இந்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் அந்த இழுவைக்குச் செய்ததில்லை. அதோடு ஒயர் கட்டு முழுதாக, கம்ப்யூட்டர் பெட்டியோடு, வெட்டாமல் வர வேண்டும். ஜப்பானிலிருந்து வருகிற பழைய இஞ்சினில் பாதிக்கு மேல் ஒயரை வெட்டித்தான் அனுப்புகிறார்கள்.

டீசலை யோசிக்கிறானா? வழியில் பீப்பாயிலிருந்து ஊற்றிக்கொள்கிற டீசல் இது. தண்ணீரும் தூசியும் கலந்திருக்கும். ஒரே வரிசையில் நிற்கிற பழைய பம்ப் அதைப் பொறுத்துக்கொள்ளும். காமன் ரெயில் இன்ஜெக்டர் பொறுக்காது. நடு இரவில் பாயாஜியில் நின்றுவிட்டால் எந்தச் சயா கணினியோடு வருவார்? இஎச், எச்07சி என்றால் டீக்கடைக்காரர்கூட ஒரு மெக்கானிக்கைக் காட்டிவிடுவார்.

கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டான். நல்ல பையன். அவன்தான் இனி ஓட்டப்போகிறவன், அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

ஜனவரி 31, புதன்

தைப்பூசம். சந்திர கிரகணமும் இன்றே. மாலைக்குள் பூசையை முடித்து நடை சாத்திவிட்டார்கள். காவடி எடுத்தவர்கள் வெயிலிலேயே இறக்கினார்கள். ஏழரை மணிக்கு நிலா செம்பு நிறமாக இருந்தது. அண்ணன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். வண்டி நம்பருக்கும் ஒன்று.

பிப்ரவரி 4, ஞாயிறு. ரங்கூன்

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. பையன் சொல்லியிருக்கிறான். அவர் குரலில் காற்றுதான் வருகிறது, ஆனாலும் என்னை உட்கார வைத்துப் பேசினார்.

“இரும்பு விலைக்குப் போட்டுவிடு. ஆகஸ்டில் இந்தியாக்காரன் உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் 3 லட்சம் டன் என்று இறக்குமதி வரம்பு போட்டானே, அதற்குப் பிறகு விலை எங்கே கிடக்கிறது? விவசாயி கூலிக்கு எங்கே போவான்?”

விலை இறங்கினாலும் மூட்டை வயலிலேயே கிடக்காது, அண்ணே, என்றேன். ரங்கூன் பயின்னவுங் சந்தைக்கு யாராவது ஏற்றித்தான் ஆக வேண்டும். நெல்லும் இருக்கிறது.

“அது அப்பா வண்டி என்பதற்காகச் செய்யாதே.”

அதற்காகவும்தான் செய்கிறேன். 1954இல் கையெழுத்தான போர் இழப்பீட்டில் ஜப்பான் இங்கே தொடங்கி வைத்த நான்கு தொழில்களில் ஹினோ லாரியும் ஒன்று. அப்படி இங்கேயே பூட்டிய சேஸிஸ் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அந்தச் சேஸிஸில் இன்றும் ஒரு விரிசல் இல்லை. நான் விளக்கு பிடித்து முழு நீளமும் பார்த்தேன். நல்ல சேஸிஸை இரும்புக்காரனிடம் எடைக்குப் போட எனக்கு மனம் வராது. அண்ணன் வீடு திரும்பும்போது வண்டி வாசலில் நிற்க வேண்டும். இதை அவரிடம் சொல்லவில்லை. செவிலியர் வந்துவிட்டார்.

பிப்ரவரி 5, திங்கள்

எச்07சி. கியர்பாக்ஸோடு சேர்ந்தே.

கடைக்காரர் தரையிலேயே ஓட்டிக் காட்டினார். இரண்டு பேட்டரி, ரேடியேட்டருக்குப் பதில் பீப்பாய்த் தண்ணீர், டீசலுக்கு ஒரு கேன். நான் ஓட விடுமுன் கையால் சுழற்றிப் பார்த்தேன், பிடிப்பு எங்கும் இல்லை. ஓடத் தொடங்கியதும் சயா எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து, கவிழ்த்து அந்த வாயிலேயே வைத்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கீழிருந்து வரும் காற்றில் மூடி குதித்து விழும். இது இலேசாக நடுங்கியது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, சூடேறியதும் தெளிந்துவிட்டது. நீலம் வரவில்லை. பிறகு இன்ஜெக்டரைக் கழற்றி ஆறு சிலிண்டரிலும் அழுத்தம் பார்க்கிற கேஜ் வைத்தோம். ஆறும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. ஐந்தாவதை மட்டும் இன்னொரு முறை வைக்கச் சொன்னேன். சயா ஒன்றும் கேட்காமல் வைத்தார்.

பக்கத்தில் இரண்டு இஎச் 700 கிடந்தன. ஒன்றின் தண்ணீர் அடைப்பு மூடிகள் துருப்பிடித்துக் கசிந்திருந்தன. மற்றதன் எண்ணெயில் பால் நிறம், தண்ணீர் கலந்திருக்கிறது.

முன்பணம் கொடுத்துவிட்டேன். மதினியின் வளையலும் அதில் இருக்கிறது. அவராகக் கொடுத்தார்.

பிப்ரவரி 8

அண்ணனுக்கு ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி குடித்தாராம்!

பிப்ரவரி 13, செவ்வாய்

சிவராத்திரி. இஞ்சின் நேற்று மாலை இறங்கியது. சங்கிலிப் புல்லியில் தூக்கி உள்ளே விட்டுப் பார்த்தோம். சம்பின் ஆழமான பகுதிக்கும் முன் ஆக்சில் பீமுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்தான். ஸ்பிரிங் அமுங்கினால் இடிக்கும். மவுண்டைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும், அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறைக்க வேண்டும். குறைத்த ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்காமல் போடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். பெகுவில் அந்த மிஷின் இருக்கிற பட்டறை ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

பையன் வந்துவிட்டான். கேட்காமலே குறுக்குக் கம்பியை அறுக்கத் தொடங்கினான். அளவை அவனே சாக்பீஸால் எழுதி வைத்திருந்தான், சரியாக இருந்தது.

இஞ்சின் நம்பரைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்தாயிற்று. வண்டிகளைப் பதிவு செய்கிற கஞன அலுவலகத்தில் புத்தகத்தில் மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 17

மழை இல்லாத காலத்தில் மழை. வயலில் அறுத்துப் போட்ட உளுந்து நனைந்துவிட்டது. எல்லோர் முகமும் கறுத்துக் கிடக்கிறது. எனக்கு வண்டியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

டீசல் குழாயில் நின்ற காற்றை எடுத்து ஸ்டார்ட் செய்தோம். மூன்றாவது சுற்றில் பிடித்தது. எண்ணெய் அழுத்த முள் ஏறி நின்றது. போனை இஞ்சின் பக்கத்தில் வைத்து அண்ணனுக்குக் கேட்க வைத்தோம். “டேப்பட் சத்தம் கொஞ்சம் இருக்கிறது, இடைவெளி பார்க்கச் சொல்” என்றார். சயா பார்த்தார். இரண்டு வால்வில் இருந்தது.

பிப்ரவரி 22

ஷாஃப்ட் இன்னும் பெகுவில். திங்கட்கிழமை மூட்டை ஏற்றத் தயாரா என்று வியாபாரி கேட்டுவிட்டார். சரி என்று சொல்லியிருக்கிறேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் பெகு போகிறேன்.